அரிசியின் தவிடும் பி ஜீவசத்துக்களும்

குதிர் நிறைய நெல்லுள்ள வீட்டில் ஆகாரக் குறைவினால் நோய் வராது என்பது குடியானவர்களின் பொதுவான எண்ணம். வயிறு நிறையச் சோறு கிடைத்துவிட்டால் உடல் தானே தேறும் என்று சொல்வதும் வழக்கம். இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே; ஆயினும் முழுவதும் சரியன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழ்நாடுகளில் பெரிபெரி என்னும் நோயினால் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். வேளை தவறாமல் வெண்மையான அரிசிச்சோறு உண்டவர்கள். அதே காலத்தில் மலாய் நாட்டில் அவர்களுக்கு அருகிலேயே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். அவர்கள் தப்பியதற்குக் காரணம் தேகபலமோ தட்பவெப்பமோ அன்று. நெல்லை அவித்துக் குத்திய அரிசியை உண்ணும் பழக்கமே ஆகும். அப்பழக்கத்தினால் விளையும் நன்மை எத்தகையது என்பதையும், அதனை நிலைநிறுத்த மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் செய்யக்கூடியவை யாவை என்பதையும் கீழே காணலாம்.

பெரிபெரியின் குறிகள்

பெரிபெரி இருவகையாகத் தோன்றும். ஒருவகையில் நரம்புகள் முதலிற் கெடும். பாதங்கள் மரத்துப்போகும்; எரிச்சல் உண்டாகும்; கெண்டைச்சதையை அமுக்கினால் வலிக்கும்; குந்தியிருந்தவன் கையூன்றாமல் எழ மாட்டான்; நாளடைவில் கால்கள் சூம்பி நடை தள்ளாடும். மற்றொரு வகையில் இருதயம் தளரும். கால்களில் வீக்கங் கண்டு அது மேலேறும். சிறிது தூரம் நடந்தாலும் மூச்சுத் திணறும். நோய் முற்றினால் சில நாட்களுக்குள் மரணம் நேரிடுவதும் உண்டு.

இவ்விரண்டினுங் கொடியது சிசுக்களைப் பற்றும் பெரிபெரி. தாயின் ஆகாரத்தில் குறைந்த சத்து அவளுடைய பாலிலும் குறைகிறது. தாய் பார்வைக்கு நோயற்றவளாகவே இருக்கக்கூடும். பிறந்து 2 முதல் 4 மாதங்களான குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, குரல் கம்மி, அழுதாலும் ஓசை எழாத நிலையை அடைந்து, மூச்சுத் திணறித் திடீரென இறந்துபோகும். இத்தகைய மரணத்தை மாந்தம் என்றோ தோஷம் என்றோ கருதிவிடுதல் எளிது. உரிய காலத்தில் தயமின் என்னும் பி1 ஜீவசத்தை ஊசி மூலம் செலுத்தினால் அக்குழந்தை சில மணி நேரத்தில் தேறுவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். இந்நோயைத் தடுக்கும் வழி தாய் உண்ணும் சோற்றிலிருந்தே தொடங்குகிறது.

காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

1882-83ஆம் ஆண்டுகளில் ஜப்பானியக் கடற்படைக்குரிய ரியூஜோ என்னும் கப்பல் நெடும்பயணம் சென்றது. அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் வருந்தினர்; 25 பேர் மாண்டனர். கடற்படை வைத்தியராகிய தகாகி என்பவர் மாலுமிகளின் ஆகாரமே இதற்குக் காரணம் என்று கருதினார். 1884இல் சுகுபா என்னும் மற்றொரு கப்பல் அதே வழியில் அனுப்பப்பட்டது. அதில் அரிசியைக் குறைத்து, வாற்கோதுமை, மாமிசம், பால் முதலியவற்றைச் சேர்த்தனர். அக்கப்பலில் நோயுற்றவர் மிகச் சிலரே, இறந்தவர் ஒருவருமில்லை. மாமிசச் சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்று தகாகி முடிவு செய்தார். காரணத்தை அவர் பிழையாகக் கொண்டாராயினும், அவர் கண்ட பரிகாரம் பலன் தந்தது.

1886இல் டச்சு அரசாங்கத்தாரால் ஜாவாவுக்கு அனுப்பப்பட்ட வைத்தியர்களுள் எய்க்மான் என்பவர் ஒருவர். பத்தேவியா நகரத்து ஆராய்ச்சிச்சாலையில் அவர் வளர்த்த கோழிகளுக்குக் கால்கள் விளங்காமற் போயின. சில காலத்திற்குப் பின் அவை தாமே குணமடைந்தன. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலையிலிருந்து வந்த தீட்டிய அரிசிச்சோற்றை அக்கோழிகள் உண்டு வந்தன என்றும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்துச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்த பின்னரே அவை தேறின என்றும் தெரியவந்தது. தீட்டாத அரிசியோ தவிடோ கொடுத்தால் கோழிகள் பிழைத்தன. பின்னர் வோர்டர்மான் என்பவர் ஜாவாவிலும் மதுராத் தீவிலுமுள்ள 101 சிறைச்சாலைகளிற் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோயுற்றிருந்தனர். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளில் பதினாயிரம் பேருக்கு ஒருவரே நோயுற்றிருந்தார். அரிசி மாவிலுள்ள ஒரு விஷத்தைத் தவிடு முறிக்கிறது என்று எய்க்மான் முதலிற் கருதினார். தவிட்டிலுள்ள ஒரு சத்து உணவிற் குறைவதே நோய் என்று 1901இல் தெளிவாகக் கூறியவர், அவருக்குப்பின் அவ்வேலையை ஏற்ற கிரைன்ஸ் என்பவர்.

மலாய் நாட்டில் தமிழர் உண்ட அரிசி

அக்காலத்து மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களைப் பெரிபெரி பெருந்தொகையாக வாட்டியது. அவர்கள் உண்டது சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் செல்வத்திலோ வசதியிலோ சீனர்களை விஞ்சியவர்கள் அல்லர்; ஆயினும் அவர்களிடையே இந்நோய் அரிதாகவே இருந்தது. பிராடன் என்னும் வைத்தியர் இவ்வேற்றுமையைக் கூர்ந்து நோக்கி, தமிழர் புழுங்கலரிசி உண்பதே இதற்குக் காரணம் என்று 1907இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அவ்வாண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்பவர் நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குப் பச்சரிசியும் மறு பகுதியாருக்குப் புழுங்கலரிசியும் அளித்துவந்தார். பச்சரிசி உண்டவர்களிற் பலர் பெரிபெரியால் வருந்தினர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களிடையே நோய் புதிதாகத் தோன்றவில்லை. பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், சாலை போடும் வேலையிலிருந்த 300 ஜாவா நாட்டுத் தொழிலாளரை இவ்வாறே இரு பிரிவாக்கிப் பரீட்சித்தனர். பச்சரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. இம்முடிவு 1909இல் வெளியாயிற்று. இடமும், வீடும், வேலையும் ஒன்றாயிருக்க, அரிசி ஒன்றே வேறாயிருந்தமையால், நோயின் காரணத்தைப்பற்றிய ஐயம் பெரிதும் நீங்கியது.

1912இல் பங்க் என்னும் ரசாயன நிபுணர் இத்தகைய சத்துக்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926இல் ஜான்சன், டோனாத் என்போர் அரிசித் தவிட்டிலிருந்து இச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் அதன் ரசாயன அமைப்பை உறுதிசெய்து ஆராய்ச்சிச்சாலையில் செய்தும் காட்டினார். அதுவே தயமின் எனப்படுவது.

தயமின் உடலிற் செய்யும் வேலை

சோற்றிலுள்ள மாவுப்பொருள் ஜீரணமாகிச் சர்க்கரையாக இரத்தத்திற் சேர்கிறது. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களில் படிப்படியாகச் சிதைந்து, பைருவிக அமிலம் என்னும் பொருளாகிறது. அதன்பின் அது மேலும் எரிந்து உடலுக்கு வேண்டிய சக்தி முழுவதையும் தரவேண்டுமானால், ஒரு குறிப்பிட்ட வாயிலைக் கடந்தாகவேண்டும். அவ்வாயிலைத் திறப்பது ஒரு நொதிப்பொருள். அந்நொதி தனியே வேலை செய்யாது. தயமின் இரண்டு பாஸ்பேட் பகுதிகளோடு சேர்ந்து உண்டாகும் துணைப்பொருள் அதனோடு இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை லோமான், ஷூஸ்டர் என்னும் ஜெர்மானியர்கள் 1937இல் வெளியிட்டனர்.

தயமின் குறைந்தால், பைருவிக அமிலமும் லாக்டிக அமிலமும் இரத்தத்தில் தேங்குகின்றன. சர்க்கரையின் சக்தியில் பெரும்பகுதி உடலுக்குக் கிடைப்பதில்லை. உமியடுப்பில் உமி நிறைய இருந்தும் காற்றுப்புகும் வழி அடைபட்டால் புகை சூழ்ந்து உலை கொதியாமற் போவதை இதற்கு ஒப்பிடலாம். மூளையும் நரம்புகளும் சர்க்கரையையே பெரிதும் நம்பியிருப்பவை. இருதயமோ ஒரு நிமிஷமும் ஓய்வு கொள்ளாதது. ஆகையால் இவ்வுறுப்புக்களே முதலிற் கெடுகின்றன. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பீட்டர்ஸ் என்பவர், தீட்டிய அரிசியால் நோயுற்ற புறாக்களின் மூளையில் இவ்வமிலங்கள் தேங்கியிருப்பதையும், தயமின் சேர்த்தவுடன் தடை நீங்குவதையும் நிரூபித்தார்.

இதிலிருந்து குடியானவர்கள் அறியவேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. மாவுப்பொருளை எரிப்பதற்கே தயமின் தேவைப்படுவதால், சோறு அதிகமாக அதிகமாகத் தயமினின் தேவையும் அதிகமாகிறது. உணவு தரும் ஒவ்வோர் 1,000 கலோரி உஷ்ணத்திற்கும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் தயமின் வேண்டும். நடவிலும் அறுப்பிலும் கடினமாக உழைத்து மிகுந்த சோறு உண்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இத்தேவை மிகுதி. உடலில் இச்சத்தின் இருப்பு சுமார் 30 மில்லிகிராமே; புதிதாக வராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். நெய்யிற் கரையும் ஜீவசத்துக்களைப்போல் இதனை மாதக்கணக்கில் உடலிற் சேமித்து வைக்க இயலாது.

நெல்மணியில் சத்து இருக்குமிடம்

நெல்மணியின் வெண்மையான உட்பகுதி முளைக்கு வைத்த மாவுக் களஞ்சியம். முளைக்கருவும், அதனை ஒட்டிய சிறு தகடும், மாவைச் சூழ்ந்த மெல்லிய தோல்களுமே உயிர்வேலை நடக்கும் இடங்கள். ஆகையால் தயமின் அங்கேயே செறிந்திருக்கிறது. 1948இல் ஹிண்டன் என்பவர் கண்டபடி, அரிசியின் எடையில் மிகச் சிறிய பங்காகிய அத்தகட்டில் மட்டுமே மணியின் தயமினில் ஏறக்குறையப் பாதி அடங்கியுள்ளது. பச்சரிசியைத் தீட்டும் யந்திரம் இப்பகுதிகளையெல்லாம் தவிடாக நீக்கிவிடுகிறது.

இந்திய ஆகார ஆராய்ச்சிப் பட்டியல்களின்படி, 100 கிராம் அரிசியிலுள்ள தயமின் அளவு ஏறக்குறையப் பின்வருமாறு:

கைக்குத்தல் புழுங்கலரிசி — 0.27 மில்லிகிராம்
ஆலைப் புழுங்கலரிசி — 0.21 மில்லிகிராம்
கைக்குத்தல் பச்சரிசி — 0.21 மில்லிகிராம்
ஆலைப் பச்சரிசி — 0.06 மில்லிகிராம்
தவிடு — 2.70 மில்லிகிராம்

இக்கணக்கை ஒரு தொழிலாளியின் ஒரு நாள் ஆகாரத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் நாளொன்றுக்கு 500 கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், அதனால் ஏறக்குறைய 1,700 கலோரி கிடைக்கும். அதனை எரிக்கவே 0.85 மில்லிகிராம் தயமின் வேண்டும். ஆலைப் புழுங்கலரிசி 1.05 மில்லிகிராம் தருகிறது. தன் செலவுக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகிறது. ஆலைப் பச்சரிசியோ 0.30 மில்லிகிராமே தருகிறது. எஞ்சியதைப் பருப்பும், கீரையும், பாலும், மாமிசமும் ஈடுசெய்யவேண்டும். பருப்பும் பாலும் தாராளமாக உள்ள வீட்டில் பச்சரிசியால் தீங்கு விளையாது. சோறும் ஊறுகாயும் மட்டுமே உண்ணும் வீட்டில்தான் அதனால் அபாயம் நேரும்.

நெல்லை அவிப்பதால் நிகழ்வது

நெல்லை ஊறவைக்கும்போது தண்ணீர் உமியைக் கடந்து மணிக்குள் நுழைகிறது. தயமின் நீரிற் கரையும் பொருளாகையால், முளைக்கருவிலும் மேல்தோல்களிலும் உள்ள பாகத்தில் ஒரு பங்கு கரைந்து நீரோடு உள்ளே செல்கிறது. பிறகு ஆவியில் வேகும்போது மாவு கூழ்போலாகிப் பின் இறுகி, உட்சென்ற சத்தைப் பிணித்துக்கொள்ளுகிறது. மேல்தோலும் மணியோடு ஒட்டிக்கொள்ளுகிறது. அதன்பின் யந்திரம் தவிட்டை நீக்கினாலும் சத்தில் பெரும்பங்கு அரிசியிலேயே தங்கிவிடும். மணி உறுதியடைவதால் நொய் விழுவதும் குறையும்.

கழுவும்போதும் இவ்வேற்றுமை தெரியும். ஆலைப் பச்சரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால், எஞ்சிய சிறிது தயமினிலும் பாதியளவு கழுநீரோடு போய்விடக்கூடும். புழுங்கலரிசியில் அந்நஷ்டம் மிகக் குறைவு. கஞ்சியை வடித்துக் கொட்டுவதால் மேலும் இழப்பு உண்டாகும்.

சென்னை மாகாணத்திற் கண்ட உண்மை

1918இல் குன்னூரில் மெக்காரிசன் என்பவரின் தலைமையில் பெரிபெரியைப்பற்றிய ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. அச்சிறு முயற்சியே ஆகார ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. மெக்காரிசனுக்குப் பின் 1935 முதல் அங்குத் தலைவராயிருந்த அய்க்ராய்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் அக்காலச் சென்னை மாகாணத்தின் ஜில்லாக்களை ஒப்பிட்டு நோக்கினர். பெரிபெரி மிகுதியாயிருந்தது வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில். அது வளம் மிக்க நெல்நாடு. ஆயினும் அங்குள்ளவர்கள் பச்சரிசியையே விரும்பி உண்டனர். கைக்குத்தல் இருந்தவரையில் தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு நின்றது. ஆலைகள் வந்தபின் அப்பங்கும் போயிற்று. புழுங்கலரிசி உண்ட தென் ஜில்லாக்களிலும் ஆலைகள் பெருகின. ஆயினும் நோய் பரவவில்லை. 1940இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, அவித்து அரைக்கும் முறையை ஊக்குவிக்கவேண்டும் என்பதை வற்புறுத்திற்று.

இந்நோய் இன்று அடியோடு ஒழிந்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னரும் காஷ்மீரத்தில், தீட்டிய அரிசியைப் பலமுறை கழுவி உண்டு, பிரசவத்துக்குப்பின் பல உணவுகளை விலக்கிவந்த தாய்மாரின் குழந்தைகளிடம் தயமின் குறைவால் உண்டாகும் இருதய நோயை வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கின்றனர். தமிழ்நாட்டிலும் மெல்லிய வெண்ணிறப் பச்சரிசியே கௌரவமானது என்னும் எண்ணமும், பிள்ளை பெற்றவளுக்கு நீண்ட பத்தியம் வைக்கும் வழக்கமும் ஒரே வீட்டிற் சேர்ந்தால் அபாயத்துக்கு இடமுண்டு.

பி வகையைச் சேர்ந்த மற்றச் சத்துக்கள்

பி ஜீவசத்து ஒன்றென்றே முதலிற் கருதப்பட்டது. அது எட்டுத் தனித்தனிச் சத்துக்களின் கூட்டம் என்பது பின்னர் விளங்கிற்று. அவற்றுட் கிராமத்தார் அறியத்தக்கவை சில.

ரைபோப்ளேவின் என்னும் பி2 குறைந்தால் கடைவாய் வெடித்துப் புண்ணாகும். நாக்குச் சிவந்து எரியும். பால், மோர், முட்டை, கீரை ஆகியவற்றில் இது உண்டு. புழுங்கலரிசியிலும் இது மிகுதியில்லை. வெயிலில் வைத்த பாலில் இச்சத்து விரைவில் அழியும்.

நியாசின் என்னும் பி3 குறைந்தால் பெல்லக்ரா என்னும் நோய் வரும். வெயில் படும் தோல் கறுத்து உரியும், பேதியும் சித்தக்கலக்கமும் உண்டாகும். மக்காச்சோளத்தையே உண்ட ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளிடம் இது பரவியிருந்தது. மக்காச்சோளத்தின் தாயகமாகிய மெக்சிகோவிலோ இது அரிது. அங்குள்ளவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பின்னரே அரைப்பர். அதனால் மணியிற் பிணைந்துள்ள நியாசின் விடுபடுகிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர். சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் முறையைக் கொண்டுசெல்லவில்லை. பச்சரிசியை ஆலையில் தீட்டிய நாடுகள் அடைந்த தீங்கும் இதனை ஒத்ததே. நியாசின் புழுங்கலரிசியில் நன்கு தங்குகிறது: ஆலைப் பச்சரிசியில் 100 கிராமுக்கு 1.9 மில்லிகிராமும், ஆலைப் புழுங்கலில் 3.8 மில்லிகிராமும் உண்டு.

போலிக அமிலம் குறைந்தால் சோகை உண்டாகும். கருவுற்ற ஆரம்ப வாரங்களிற் குறைந்தால் சிசுவின் முதுகுத்தண்டு ஊனமடையக்கூடும். 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட் சாரத்தால் அது குணமாவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சத்தை அமெரிக்காவில் ஆராய்ச்சிச்சாலையில் ஆக்கி 1945இல் வெளியிட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கீரைகளிலும் பயறுகளிலும் இது மிகுதி. நெடுநேரம் கொதித்தால் அழியும்.

1948இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12 தாவர உணவுகளில் இயல்பாகக் கிடைப்பதன்று. நுண்ணுயிர்கள் கோபால்ட் என்னும் உலோகத்தைக் கொண்டு அதனை ஆக்குகின்றன. ஆடுமாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கிய பி12 பால், மாமிசம் ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வருகிறது. மாமிசம் உண்ணாதவர் வீட்டில் பாலும் தயிரும் இன்றியமையாதன என்பதற்கு இது தக்க காரணமாகும். பால் முழுவதையும் விற்றுவிடும் குடும்பங்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தவிட்டின் உபயோகம்

தவிட்டில் இவ்வளவு சத்து இருக்க, அதனையே உண்ணலாகாதோ என்று கேட்கலாம். தவிட்டிலுள்ள எண்ணெய், அரைத்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கிச் சிக்கு நாற்றம் அடைகிறது; சல்லடையிற் சலிக்காத ஆலைத் தவிட்டில் உமித்தூளும் மணலும் கலந்திருக்கும். ஆகையால் சத்தைத் தவிட்டிற் போகவிட்டுப் பின் தேடுவதைவிட, அவிக்கும் முறையால் அரிசியிலேயே நிறுத்திக்கொள்வது உத்தமம். கறவைமாடுகளுக்குப் பி ஜீவசத்துக்களைத் தங்கள் இரைப்பையிலேயே பெறும் வசதி உண்டு; தவிட்டில் அவற்றுக்குப் பயன்படுவன கொழுப்பும் புரதமும் பாஸ்பரஸுமே. கோழிகளுக்கு அவ்வசதி இன்மையால், அவற்றின் தீனியில் புதிய தவிடு சேர்ப்பது மிகுந்த நன்மை தரும்.

கைக்கொள்ளத்தக்க முறைகள்

1. வீட்டுக்கும், தானியமாகக் கூலி கொடுப்பதற்கும், நெல்லை அவித்தே அரைத்தல் வேண்டும். கூலியாகப் பெறும் அரிசியே தொழிலாளியின் வீட்டில் முக்கிய ஆகாரம் என்பதை மிராசுதார்கள் கருதவேண்டும்.

2. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் நீர் புளித்து அரிசியில் துர்நாற்றம் உண்டாகும். இந்நாற்றத்துக்கு அஞ்சியே பலர் பச்சரிசிக்கு மாறுகின்றனர். ஏறக்குறைய 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, உமி வாய் பிளக்கும்வரை ஆவியில் அவித்தால் நாற்றம் இராது. நீர் அதற்கு மேலும் சூடானால் மணி வெடித்துச் சத்து வெளியேறும். களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, நிதானமாக உலர்த்துக.

3. ஆலையில் அரைக்கும்போது ஒருமுறை தீட்டினாற் போதும் என்று சொல்லி வாங்கவேண்டும். புழுங்கலின் இளமஞ்சள் நிறம் அழுக்கன்று. வெண்மை வேண்டி மறுமுறை தீட்டுவதால் எடையும் சத்தும் ஒருங்கே குறைகின்றன.

4. அரிசியில் கல்லும் தூசும் போகும் அளவுக்கே கழுவுக. சோற்றை அளவான நீரில் வேகவைத்து வற்றவிடுதல் நன்று. கஞ்சி வடிப்பதானால், அதனைக் குடிக்கப் பயன்படுத்துக.

5. பருப்பு விரைவில் வேகும்பொருட்டுச் சமையற்சோடா இடுவதை விலக்குக. சோடா உப்பு தயமினை அழிக்கிறது.

6. வாரத்திற் சில வேளை கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றை உண்க. 100 கிராம் கேழ்வரகில் 0.42, கம்பில் 0.33, நிலக்கடலையில் 0.90 மில்லிகிராம் தயமின் உண்டு. நெல் அறுவடைக்குப்பின் உளுந்தும் பயறும் விதைத்தால், அவை நிலத்திற்கு உரமாவதோடு வீட்டிற்கும் தயமின் தரும்.

7. பிள்ளை பெற்ற தாய்க்குப் பருப்பையும் கீரையையும் பத்தியம் என்று விலக்கலாகாது. பச்சரிசிக் கஞ்சியை மட்டும் வாரக்கணக்கில் கொடுப்பது தாய்க்கும் சேய்க்கும் அபாயமாகும்.

8. கால் மரத்தல், வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை காணின் வீட்டு வைத்தியத்தில் நாள் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். கைக்குழந்தை பால் மறுத்து, ஓசையின்றி அழுதால் அன்றே கொண்டுசெல்ல வேண்டும். தாய் உண்டுவந்த அரிசியும் பத்தியமும் எவை என்பதையும் வைத்தியரிடம் தெரிவித்தல் நன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது மற்றொன்றுண்டு. 2021இல் இந்திய அரசாங்கம் அறிவித்த திட்டத்தின்படி செறிவூட்டிய அரிசியிற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவை இரும்புச்சத்து, போலிக அமிலம், பி12 ஆகிய மூன்றே. தயமின் அக்கட்டாயப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகையால் செறிவூட்டிய அரிசி கிடைக்கும் இடத்திலும் பச்சரிசி, புழுங்கல் என்னும் வேற்றுமை பொருளற்றதாகிவிடாது. பள்ளிகளின் சத்துணவுக்கும் பொது விருந்துகளுக்கும் அரிசி தெரிந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிட, அது அவித்த நெல்லின் அரிசியா என்று கேட்பதே முறை. பிள்ளை பெற்ற வீடுகளில் பத்தியத்தைக் குறித்து ஒரு சொல் சொல்லிவைப்பதும் அவர்களால் ஆகும் காரியமே.

நெல்லை அவிக்கச் செலவாவது சிறிது விறகும், தண்ணீரும், ஒருநாள் உழைப்புமே. இவற்றை மிச்சப்படுத்த எண்ணி அவிப்பதைக் கைவிடும் வீட்டார், நெல்லோடு விளைந்த சத்தைத் தவிட்டோடு விற்றுவிடுகின்றனர். அடுத்த அறுவடை நெல் களத்துக்கு வரும்போது, வீட்டுச் செலவுக்குரிய பங்கையும் கூலிக்குரிய பங்கையும் அளந்து தனியே ஒதுக்கி, அவிப்பதற்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, மிகுந்ததை விற்பனைக்கு அனுப்புதல் நலம்.